ஒன்றரைக் கிலோ

"ஒன்றரைக் கிலோ! ஒரே மாசத்துல ஒன்றரைக் கிலோ போயிருக்கு. எங்க அம்மாவைப் பட்டினி போட்டே கொன்னுடலாம்னு பார்க்கிறியா?"

பெரியவன் போட்ட சத்தத்தில் தம்பி மனைவி இரண்டடி பின்வாங்கினாள்.

அம்மா அந்தரத்தில் இருந்தாள். படுத்த படுக்கையாகிவிட்டவளைத் தூக்குவதற்காக வாடகைக்கு எடுத்த மெஷின் அது. மேலே கொக்கி, கொக்கியில் தூளி மாதிரி ஒரு துணி, துணிக்குள் அம்மா. கொக்கிக்கு மேலே டிஜிட்டல் தராசு. மாசம் ஒருமுறை எடை பார்த்து டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அம்மா ஒரு மாசம் பெரியவன் வீட்டில், ஒரு மாசம் சின்னவன் வீட்டில். மெஷினும் கூடவே போகும், வரும்.

"என் வீட்டை விட்டுக் கிளம்புறப்போ நாற்பத்து மூணு. இப்போ நாற்பத்தொன்றரை. மெஷின் பொய் சொல்லுமா?"

"அத்தை நல்லாத்தான் சாப்பிடுறாங்க மாமா…"

"நீ பேசாதே! சாப்பிட்ட எடை எங்கே போச்சு? காத்துல கரைஞ்சுதா?"

"அண்ணா, கொஞ்சம் மெதுவா…" என்றான் தம்பி.

"நீ வேற! இனிமே அம்மா இந்த வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டா. கடைசி வரைக்கும் என்கூடத்தான்."

அம்மா எந்த வாசல்படியையும் மிதித்து வருஷக்கணக்காகிறது. கோபத்தில் அதெல்லாம் யாருக்கு நினைவிருக்கும்?

தொங்கியபடியே அம்மா கையை ஆட்டினாள். "அது இல்லடா… நான் இங்கேயே இருந்துடறேன்டா."

"பயத்துல பேசுறேம்மா நீ. யாருக்கும் பயப்படாதே, நான் இருக்கேன்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் விழுங்கிக்கொண்டாள்.

தம்பி மனைவி அழுதுகொண்டே துணிமணிகளை எடுத்து வைத்தாள். சாயங்காலமே அம்மா பெரியவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அப்புறமும் அவனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, "பெத்தவளைப் பட்டினி போட்ட பாவிங்க" என்று வயிறெரியப் பேசினான். வாரம் முழுக்க அதே பேச்சுதான். அதில் அம்மா அறையை எட்டிப் பார்க்க நேரம் ஏது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஷினை உருட்டிக்கொண்டு அங்கே போனான்.

"இப்போ எதுக்குங்க? கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்க்கலாமே" என்று பின்னாலேயே ஓடி வந்தாள் அவன் மனைவி.

"துணியை மாட்டுன்னா மாட்டு. அவங்க மூஞ்சியில கரியைப் பூசுறேன் பாரு."

அவள் வேண்டாவெறுப்பாக மாட்டினாள். பெரியவன் தம்பியையும் தம்பி மனைவியையும் வீடியோ காலில் கூப்பிட்டுவிட்டு, அறை வாசலில் நின்றபடியே ரிமோட்டை அழுத்தினான். அம்மா மேலே எழும்பினாள். எண்கள் ஓடி நின்றன.

நாற்பத்து மூன்று!

"கண்ணை நல்லாத் திறந்து பாருங்க!" போனைத் தராசுக்கு நேராக நீட்டினான். "ஒரே வாரத்துல விட்டதைப் பிடிச்சாச்சு. இதுக்குப் பேருதான் கவனிப்பு! இப்போ என்ன சொல்றீங்க ரெண்டு பேரும்?"

திரையில் தம்பி மனைவி தலையைக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"டேய்!"

அந்த உடம்பில் இவ்வளவு குரல் மிச்சமிருந்தது யாருக்கும் தெரியாது.

"உன் பெண்டாட்டியைக் காட்டிக் கொடுக்க வேண்டாம்னுதான் அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நீ குதிக்கிற அந்த ஒன்றரைக் கிலோ, நான் சாப்பிட்டு ஏறினது இல்லடா. நேத்து காலையில கட்டிவிட்ட டயப்பர்! போன தடவை இங்கே பார்த்த நாற்பத்து மூணும் இதே கதைதான். அங்கே அவ என்னைத் துடைச்சு, மாத்திவிட்டுட்டுத்தான் தூக்குவா. இங்கே நனைஞ்சு நாறிக்கிட்டுத் தொங்குறேன். போனைக் கீழே வெச்சுட்டு, முதல்ல அதை மாத்துடா!"