வலப்பக்க மூச்சு

கண்ணாடிக் கூரை வழியே இறங்கும் வெயில் நீச்சல்குளத்தின் அடித்தரையில் வலைவலையாக ஆடுகிறது. பன்னிரண்டு வருடங்களாக யாரிடமும் தோற்காதவள் நீந்தும் கடைசிப் போட்டி இது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர், முப்பது நீளம். பஸ் டிரைவரான அப்பா முதல் வரிசையில் தொப்பியைக் கசக்கியபடி உட்கார்ந்திருக்கிறார். மகள் இடப்பக்கம் மட்டும்தான் மூச்செடுப்பாள். அதனால் போகும்போது முகம் தெரியும். திரும்பும்போது வெறும் பின்மண்டைதான். "நீ வலது கண்ணாடி இல்லாத வண்டிம்மா" என்று வீட்டில் கேலி செய்வார். அவளுடைய எல்லா வெற்றியையும் அந்தப் பின்மண்டையில்தான் பார்த்திருக்கிறார். இதோ முப்பதாவது நீளம். பக்கத்துத் தடத்துக்காரி அரைக் கை பின்னால் வருகிறாள். அரங்கமே அலறுகிறது, இவள் கைகள் மட்டும் அவசரமே இல்லாமல் தண்ணீரைத் திறந்து திறந்து மூடுகின்றன. சட்டென்று அந்தத் தலை வலப்பக்கம் திரும்புகிறது. நுரைக்கு நடுவிலிருந்து முழு முகமும், வெயில் பட்டு, அவரையே பார்க்கிறது. ஒரே ஒரு மூச்சு. "ஐயோ, தப்புப் பக்கம் மூச்செடுக்குறா! என்ன ஆச்சு இவளுக்கு?" என்று பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் துள்ளி எழுகிறார். அவள் விரல்கள் முதலில் சுவரைத் தொடுகின்றன. அப்பா கசங்கிய தொப்பியை நீவித் தலையில் வைத்துக்கொள்கிறார். "தப்பில்லீங்க," என்கிறார் மெதுவாக. "வண்டிய நிறுத்துறதுக்கு முன்னாடி கண்ணாடி பாத்துக்கிட்டா."