பச்சையம்மாளின் பேரம்

"இன்னாது! ஒரு கொண்டை ஊசி அட்டைக்கு இவ்ளோ வெலையா? பகல் கொள்ளையா இருக்குதே!"

சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்த தங்கமணிக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. பச்சையம்மாள் வந்தாச்சு.

உளுந்தூர்பேட்டை பைபாஸில் லாரிக்காரர்களுக்கு அவித்த வேர்க்கடலை, அந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, விற்கிறவள். தலையில் கூடை, வாயில் பேரம். கடைத்தெருவில் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டால் போதும், முதல் ஆளாக வந்து நிற்பாள்.

போணிக்கு வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைக்கு முழுக்கக் கடை விளங்காது. அது தெரிந்துதான் மகராசி நேரம் பார்த்து வருகிறாள் என்று தங்கமணிக்கு எரிச்சல்.

"கம்மி பண்ணு தங்கமணி. போணி நேரத்துல மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு நிக்காத."

"வாங்கின வெலைக்கே எடுத்துக்கினு போக்கா. ஆள வுடு!"

காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டாள் தங்கமணி. அதற்குள் பக்கத்து லுங்கிக் கடையில் அதே பாட்டு ஆரம்பித்துவிட்டது.

பச்சையம்மாள் போனதும் லுங்கிக் கடை சடையன் எட்டிப் பார்த்தார்.

"பாத்தியாம்மா? புருஷன் போயி எத்தினி வருசம் ஆவுது. ஒத்தக்கட்டைக்கு எதுக்கு லுங்கி, துண்டு? நம்மகிட்ட அடிமாட்டு வெலைக்கு வாங்கி, பைபாஸ்ல டபுள் ரேட்டுக்குத் தள்றா."

"ஆமாண்ணே! போன வாரந்தான் மேல்மலையனூர்ல மொட்டை போட்டுக்கினு வந்தா. மொட்டைக்கு எதுக்குக் கொண்டை ஊசி?"

இருவரும் சிரித்தார்கள். அந்தத் தெரு சிரித்தும் நாளாகிவிட்டது.

ஒரு காலத்தில் பஸ்ஸெல்லாம் இந்தத் தெரு வழியாகத்தான் போகும். தங்கமணியின் பேன்சி ஸ்டோரில் சாப்பிட நேரமிருக்காது. பைபாஸ் வந்தது, பஸ்கள் வெளியோடு போயின, கூடவே ஜனமும் போய்விட்டது. பாதிக் கடைகளின் பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது.

தங்கமணியும் எத்தனையோ சாயங்காலம், "போதும்டா சாமி, சாவியக் குடுத்துட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிடலாம்" என்று முடிவு கட்டியிருக்கிறாள். மறுநாள் காலை எப்படியோ ஒரு போணி ஆகிவிடும். அந்த நப்பாசையில் இன்னும் ஒரு நாள் ஓடும். பல நாள் அந்தப் போணியோடு சரி.

இந்த வருடம் ஊருக்கு வெளியே செருப்புக் கம்பெனி ஒன்று திறந்தார்கள். சுற்றுப்பட்டு கிராமத்துப் பெண்களுக்கெல்லாம் வேலை. கம்பெனி பஸ் கடைத்தெரு முனையில் நின்று ஏற்றிக்கொள்ளும் என்றார்கள். தங்கமணி நம்பவில்லை. இப்படி எத்தனை கேட்டாயிற்று.

அந்தத் திங்கட்கிழமை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தாள். சீருடை போட்ட பெண்கள் நாலு பேர் குனிந்து உள்ளே வந்தார்கள்.

"அக்கா, கிளிப் இருக்குதா? ஸ்டிக்கர் பொட்டு? சீக்கிரம்க்கா, பஸ் பூடும்!"

கேட்டதை வாங்கி, சொன்ன விலையைக் கொடுத்து, "நாளைக்கும் வரோம்க்கா" என்று ஓடினார்கள். தங்கமணி எந்தச் சாமிக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் எல்லாப் படத்தையும் பார்த்துக் கும்பிட்டாள்.

கூடையோடு பச்சையம்மாள் வந்து நின்றாள். ஓடுகிற பெண்களைப் பார்த்தாள்.

"போணி ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு! இனிமே உன் பாச்சா பலிக்காதுக்கா. சொன்ன வெலதான்."

"நல்லா இரு தாயி" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்துவிட்டு, பச்சையம்மாள் அடுத்த கடைக்கு நடந்தாள்.

"யக்கா, ஒண்ணும் வாங்கல?"

"அதான் போணி ஆயிடுச்சே. எனக்கு எதுக்குக் கொண்டை ஊசி?" அப்போதுதான் முடி முளைக்க ஆரம்பித்திருந்த தலையைத் தடவிக் காட்டினாள்.

தங்கமணிக்குச் சுருக்கென்றது. கடையை விட்டு இறங்கி ஓடினாள்.

"அப்ப இத்தினி நாளா வாங்கினதெல்லாம்?"

"எங்க தெருப் புள்ளைங்களுக்குக் குடுத்துட்டேன். பஸ்ஸெல்லாம் இப்பிடிப் போன காலத்துல இந்தக் கடைத்தெருவுல மல்லாட்ட வித்துத்தான் என் பொண்ணைக் கட்டிக் குடுத்தேன். இங்க ஒரு கடை போணி இல்லாம கெடந்தா எனக்கு மனசு கேக்குமா?"

தங்கமணியின் கண் நிறைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சண்டைக்கே போனாள்.

"அதுக்கு ஏன்க்கா தெனமும் பேரம் பேசி என் உசுர வாங்கின? சொன்ன வெலைக்கு வாங்கிக்கினு போயிருக்கலாம் இல்ல?"

பச்சையம்மாள் லுங்கிக் கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவாப் பேசுடி, சடையன் காதுல வுழப் போவுது. அவருக்கு இன்னும் போணி ஆவல. பேரம் பேசாம வாங்கினா, பிச்சை போட்ட மாதிரி ஆயிடாது?"