ஏழரை

ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்ததும் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மாதமும் ஹீமோகுளோபின் ஏழரை. எண்ணைப் பார், எண்ணை! பிடித்தால் லேசில் விடுமா?

தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துகொண்டிருந்தன. மாற்று அறுவைக்கு எல்லாம் தயார். சிறுநீரகம் கொடுக்கிற ஆளுக்கும் டெஸ்ட் அத்தனையும் முடிந்துவிட்டது. தம்பியின் எண் பத்தைத் தொட வேண்டியதுதான் பாக்கி.

பாட்டில் ரத்தம் ஏற்றலாமே என்றால், கூடாதாம். அப்புறம் புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒத்துக்கொள்ளாமல் போகலாமாம். அதனால் இரும்புச்சத்து மாத்திரை.

மூன்று மாதமாக அவள் படாத பாடு பட்டாள். விடிந்ததும் தையல் மெஷினைக்கூடத் தொடாமல் தெரு தாண்டித் தம்பி வீட்டுக்கு ஓடுவாள். வெறும் வயிற்றில் மாத்திரை. அதன் பிறகு இரண்டு மணி நேரம் டீ கிடையாது, வேறு மாத்திரை கிடையாது. பூட்டு ரிப்பேர் செய்கிற நாற்பத்தைந்து வயது ஆம்பளை, அவள் நீட்டியதைப் பச்சைப்பிள்ளை மாதிரி வாயில் போட்டுக்கொள்வான்.

அப்படியும் ஏழரை என்றால் யார் மேல் எரிந்து விழுவது? மருந்துக்கடைக்காரரிடம் ஏற்கெனவே சண்டை போட்டாகிவிட்டது.

“லேப்புலதான் ஏதோ கோளாறு டாக்டர். தினம் என் கையால குடுக்கிறேன்.”

டாக்டரம்மா தம்பியின் பக்கம் திரும்பினார். “வெளிக்குப் போறப்ப கருப்பா போகுதா?”

தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. “சேச்சே! அந்த மாதிரி சீக்கெல்லாம் எனக்குக் கிடையாதுங்க. எப்பவும் போலத்தான்.”

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

“இரும்பு மாத்திரை உள்ள போனா கருப்பாத்தான் போகும். மூணு மாசத்துல ஒரு நாள்கூடவா இல்ல?”

தம்பி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

அக்கா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“அடப்பாவி! அத்தனையும் துப்பிட்டியா? நான் என்ன பைத்தியக்காரியா, தினம் விடிஞ்சதும் விழுந்தடிச்சு ஓடி வர? உசுரோட இருக்கணும்னு ஆசையே இல்லையாடா உனக்கு?”

அவன் நிமிரவில்லை.

“பத்து வந்துட்டா உன் வயித்தத்தானேக்கா அறுப்பாங்க.”