தென்னை முளைத்த வண்டு

"கதவைத் திறந்தா முகத்துக்கு நேரே வண்டு! இது மனிசர் இருக்கிற இடமோ, பூச்சிக் கூடோ?"

ஐந்தாம் மாடியிலிருந்து இறங்கிவந்து அன்னபாக்கியம் போட்ட சத்தத்தில், மூன்றாம் மாடிப் பர்ஹா கையில் தூரிகையோடு வெளியே ஓடிவந்தாள்.

பர்ஹா ஓவியம் படிக்கிறவள். வெள்ளவத்தையில் அந்த அடுக்குமாடியின் கமிட்டியிடம் கேட்டு, படிக்கட்டுச் சுவர்களில் மாடிக்கு ஒரு பூச்சி கீறியிருந்தாள். இரண்டாம் மாடியில் இறக்கைக்குள் கடல் அலையடிக்கும் தும்பி. மூன்றாவதில் மணிக்கூடுகளைச் சுமந்துபோகும் எறும்புகள். ஐந்தாவதில், அன்னபாக்கியத்தின் வாசலுக்கு எதிரே, முதுகில் தென்னை முளைத்த கரிய வண்டு.

"வண்டின்ர முதுகில தென்னை முளைக்குமோ? விசரர்கூட இப்பிடிக் கீறமாட்டினம். கனடாவில இருந்து வந்த மச்சாள் அதைப் பார்த்து மூக்கைப் பொத்தினவ!"

"ஆன்ட்டி, மத்ததெல்லாம் அழிச்சாலும் பரவால்ல. அத மட்டும் விட்டுடுங்க. அங்கிள்ட்ட ஒரு வார்த்த கேளுங்களேன்."

"அவரிட்டயோ? பெத்த பிள்ளையளின்ர பேரே ஞாபகமில்லாத மனிசன் படத்தைப் பற்றி என்ன சொல்லப்போறார்?"

கணவர் சண்முகலிங்கம் முப்பது வருஷம் பூச்சி ஆராய்ச்சி செய்து ஓய்வுபெற்றவர். மறதி வந்தபிறகு மாடி மாறிப்போய், கண்டவர் வீட்டு மணியையெல்லாம் அடித்து அவளின் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தார். கொஞ்சக் காலமாக அந்தத் தொல்லை இல்லை. "புது டொக்டரின்ர மருந்து அப்பிடி!" என்று எல்லாரிடமும் பெருமையடித்தாள்.

பர்ஹா மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"உன்ர விளக்கம் ஒண்டும் எனக்கு வேண்டாம்." அன்னபாக்கியம் திரும்பிப் பாராமல் படியேறினாள்.

மறுநாள் காலை சண்முகலிங்கம் பேப்பர் வாங்கப் போன கையோடு, பெயின்ட் அடிக்கிறவர் வந்தார்.

"நல்லா வெள்ளை அடியுங்கோ. ஒரு கால்கூடத் தெரியக்கூடாது."

அரை மணித்தியாலத்தில் வண்டும் இல்லை, தென்னையும் இல்லை. வாசலில் நின்று ரசித்தாள். "அப்பாடா! இப்பத்தான் மரியாதையான ஆக்கள் இருக்கிற வீடு மாதிரிக் கிடக்கு."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சண்முகலிங்கம் மூச்சு வாங்க ஏறி வந்தார். வெள்ளைச் சுவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு கதவடியில் நின்ற மனைவியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா, மாடி மாறி வந்திட்டன். நான் வழி தவறக்கூடாதெண்டு கீழ் வீட்டுப் பிள்ளை எங்கட வாசலுக்கு முன்னால ஒரு வண்டு கீறி வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, இன்னும் மேலே ஏறத் தொடங்கினார்.