வெயிலைக் கண்டித்து ஒரு தீர்மானம்

காலை பதினொன்றரை மணிக்கு, அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக, குலசேகரனின் கார் கொதித்துப்போய்ச் சாலையோரம் நின்றது. அவர் வணிகர் சங்கத் தலைவர். அதை அறிவிக்கும் சிவப்பு போர்டு, காரின் முகப்பில் காற்று புகும் வலையை முழுக்க மூடியிருந்தது.

அவர் ஆட்டோ பிடித்துக் கிளம்பியதும் இன்ஜின் முனகியது. "இன்னொரு தடவை இப்படிக் கொதிச்சா நான் பிழைக்க மாட்டேன். காரணத்தைக் கண்டுபிடிங்கப்பா." ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்த அதற்கு, முகப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

விசாரணைக்கு வழக்கம்போல் போர்டு தலைமை ஏற்றது.

"ரேடியேட்டர், தண்ணி இருக்கா?"

"தேவைக்கு இருக்கு, தலைவரே."

"ஃபேன், நீ சுத்துறியா?"

"சுத்திச் சுத்தி எனக்கே மயக்கம் வருது, தலைவரே. இழுக்கத்தான் காத்து இல்ல."

"ஏன் இல்ல? யாராவது மறைக்கிறாங்களா? பயப்படாம சொல்லுங்க."

ஃபேன் ரேடியேட்டரைப் பார்த்தது. ரேடியேட்டர் தரையைப் பார்த்தது.

"அட, சொல்லித் தொலைங்களேன்! சாகப்போறது நான்தானே?" என்று கத்தியது இன்ஜின்.

ரேடியேட்டர் தொண்டையைச் செருமியது. "வெயில் கொஞ்சம் அதிகம், தலைவரே."

"என் கருத்தும் அதுதான்" என்றது போர்டு.

வெயிலைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேறியது. காரணம் கிடைத்த நிம்மதியில் இன்ஜினும் ஆதரித்தது.

ஏப்ரல் 19ஆம் தேதி, மேம்பாலத்தின் மேல், இன்ஜின் இறுகி நின்றுபோனது. மறுநாள் நடந்த இரங்கல் கூட்டத்துக்குப் போர்டு தலைமை தாங்கியது.