வெள்ளைத் தூரிகை

வெள்ளவத்தை ஸ்ரூடியோவின் பின்னறையில், கணினித் திரையின் வெளிச்சம் மாக்ரெட் அன்ரியின் முகத்தில் விழுகிறது. திரையில் இருப்பது, வான் வண்டியில் வந்தவர்கள் பிடித்து ஏற்றிக்கொண்டு போன அவருடைய மகன் றெஜியின் கடைசிப் படம். சிநேகிதனின் கல்யாணத்தில் கூட்டமாக நின்று எடுத்தது. ‘காணவில்லை’ என்று பேப்பரில் போட அவன் மட்டும் வேண்டும். ஸ்ரூடியோக்காரர் சிறி அண்ணா மவுஸை அசைத்துக் கறுப்புத் தூரிகையால் தடவத் தடவ, பக்கத்தில் நிற்பவர்களின் சேலைகளும் மாலைகளும் மறைகின்றன. அந்த இடமெல்லாம் சாம்பலும் வெள்ளையுமாய்ச் சின்னச் சதுரங்கள் பரவுகின்றன.

“இதென்ன தம்பி, குசினி நிலத்து ரைல்ஸ் மாதிரி?”

“அங்க ஒண்டுமில்லை எண்டதைத்தான் அன்ரி, கொம்பியூட்டர் அப்பிடிக் காட்டுது.”

காலி வீதியில் ஒரு பஸ் ஹோர்ன் அடிக்கிறது. சிறி அண்ணாவின் கை வழுக்குகிறது. றெஜியின் காது இருந்த இடத்திலும் சதுரங்கள்.

“ஐயோ, என்ர பிள்ளையின்ர காது!”

“கத்தாதேங்கோ அன்ரி. அழியேல்லை, மறைஞ்சுதான் கிடக்கு. வெள்ளையால தடவினா வரும்.”

தூரிகை வெள்ளையாகிறது. சிறி அண்ணா மெல்ல இழுக்க, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து காதுமடல் வருகிறது, அதன் ஓரத்து மச்சம் வருகிறது, பின்னால் வியர்வையில் ஒட்டிய மயிர்கூட வருகிறது. பாஸ்போட் படம் எடுக்க வந்து அறை வாசலில் நிற்கும் நான் ஓரடி உள்ளே வைக்கிறேன். அன்ரி செபமாலை சுற்றிய விரலால் திரையைத் தொடப்போய், தொடாமல் நிறுத்துகிறார்.

“தம்பி, ஆளை முழுசா மறைச்சிட்டு, ஒருக்கா வரப்பண்ணிக் காட்டுங்கோ.”

சிறி அண்ணா கறுப்பை எடுத்து, தூரிகையைப் பெரிதாக்குகிறார்.