அஞ்சு புள்ளி பத்து மாப்பிள்ளை

"ராணி, அடுப்பை அணை! அந்த மாப்ள பையன் நம்ம கிருஷ்ணப்பிரியா காது வரைக்கும்தான் வருவான்!"

செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி எதிர்வீட்டு ராஜம்மா உள்ளே நுழைந்தாள். கோவில்பதாகையில் அந்தத் தெருவில் யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பதுகூட அவளுக்குத் தெரியாமல் போகாது. போன மாதம் மகன் பரத், கூகுளிலேயே கணக்குப் போடலாம், அடியைச் சென்டிமீட்டர் ஆக்கலாம் என்று சொல்லிக்கொடுத்த பிறகு கேட்கவே வேண்டாம். பக்கத்து வீட்டு மதுரைவீரன் நூற்றொரு டிகிரி ஜுரத்தில் சுருண்டு கிடந்தபோது, அதைச் செல்சியஸாக மாற்றிப் பார்த்துவிட்டு, "முப்பத்தெட்டுதான் கீது, எழுந்து வேலைக்குப் போ நைனா" என்று கிளப்பிவிட்டவள்.

ராணியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "இன்னாக்கா சொல்ற? கேசரியே கிண்டிட்டேன். சாயந்தரம் பூந்தமல்லியிலேர்ந்து பொண்ணு பாக்க வராங்க."

"வந்து? அண்ணாந்து பாத்துட்டுப் போவப் போறாங்களா?"

ராணிக்குச் சுருக்கென்றது. அவள் புருஷன் கோதண்டம் அவளைவிட நாலு விரல் கட்டை. கல்யாண போட்டோவில் அவர் பலகை மேல் ஏறி நிற்கிற கதை தெருவுக்கே தெரியும். பெண்ணுக்காவது உயரமான மாப்பிள்ளை அமைய வேண்டும் என்பது அவளுடைய ஒரே பிடிவாதம்.

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கோதண்டம் எட்டிப் பார்த்தார். "தரகர் அஞ்சு பத்துன்னாரேம்மா. நம்ம பொண்ணு அஞ்சு நாலு. பத்து பெருசா, நாலு பெருசா?"

"அதெல்லாம் பலகை மேல நின்ன காலத்துக் கணக்கு அண்ணாத்தே. இங்க பாரு, அஞ்சு புள்ளி பத்து அடி. எவ்ளோ சொல்லுது? நூத்தி அம்பத்தஞ்சு சென்டிமீட்டர். இப்போ நம்ம பொண்ணு, அஞ்சு புள்ளி நாலு. நூத்தி அறுபத்தி நாலு! புள்ளிக்கு அப்புறமே மூணு நம்பர் சொல்லுது. உங்க தரகர் சொல்வாரா?"

"போட்டோவுல நல்லாத்தானே கீறாரு?" என்றார் கோதண்டம்.

"உக்காந்துகினு கீறான்!"

தலைக்குக் குளித்துவிட்டு துண்டோடு வந்த கிருஷ்ணப்பிரியாவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில், உதிரி பாகங்கள் சரியான அளவில் இருக்கின்றனவா என்று சோதிக்கிற வேலை அவளுக்கு. போனை வாங்கிப் பார்த்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"மெஷின் பொய் சொல்லாதுப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கோதண்டம் போனை எடுத்தார். தரகர் ஜெகதீசனைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் ஜெகதீசன் கத்தியது வாசல்வரை கேட்டது. "அண்ணே, பையன் நிலைவாசல்ல குனிஞ்சுதான் வருவாண்ணே!"

ராஜம்மா போனைப் பிடுங்கினாள். "குனிஞ்சு வந்தா மரியாதை தெரிஞ்ச பையன்னு அர்த்தம். உசரம்னு அர்த்தமா? வேணாம்னா வேணாம், வையி!"

ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல வேளைக்கா, நீ மட்டும் பாக்கலன்னா..."

"இனிமே நூத்தி எழுவதுக்குக் கீழ எவன் வந்தாலும் வாசப்படி ஏத்தாத. நான் போட்டுப் பாத்து சொல்றேன்."

"உன் போன் சொல்றதுதான் இனிமே எங்களுக்கு" என்று கோதண்டமும் மீதி நுரையைத் துடைத்தார்.

நன்றிக்கடனாகக் கேசரி ஒரு தூக்குப் பாத்திரத்தில் ராஜம்மாவோடு எதிர்வீடு போய்ச் சேர்ந்தது. பரத் அதை வழித்து வழித்துத் தின்ன, அம்மா தன் வீரதீரத்தை இரண்டாம் முறையாகச் சொல்லி முடித்தாள்.

"எல்லாம் சரிம்மா. ஆனா அந்த ஆளு ஆறடிக்கு ரெண்டு அங்குலம்தான் கம்மி" என்றான் பரத்.

"இன்னாடா உளர்ற?"

"அஞ்சடி பத்து அங்குலத்தை அஞ்சு புள்ளி பத்துன்னு அடிச்சா, போன் அதை அஞ்சடியும் ஒரு அங்குலமும் சொச்சம்னுதான் எடுத்துக்கும். அடிக்குப் பன்னெண்டு அங்குலம் இல்ல?"

ராஜம்மாவுக்கு வேர்த்துவிட்டது. "அடப்பாவி! புள்ளி வெச்சு அடின்னு நீதானடா சொல்லிக் குடுத்த! ஒரு நல்ல சம்பந்தத்தைக் கலைச்சுட்டேனேடா. தெருவுல இனிமே எவ என்னை நம்புவா? எழுந்திரு, போயி சொல்லிடலாம்."

"சொல்லலாம். அதுக்கு முன்னாடி, அதே மாதிரி புள்ளி வெச்சு அஞ்சு ஆறு போட்டுப் பாரேன்."

போனில் தட்டினாள். நூற்று எழுபது புள்ளி அறுநூற்று எண்பத்தெட்டு. ராஜம்மாவின் முகம் லேசாகத் தெளிந்தது.

"நூத்தி எழுவதுக்கு மேலயே கீறான்! ராணிக்கு இப்பவே சொல்லிடலாம். யார்ரா பையன்?"

பரணில் இருக்கிற குடத்தை எடுக்க இன்றைக்கும் ஸ்டூல் போடுகிற பரத், வாயில் இருந்த கேசரியை விழுங்காமல் வாசலைப் பார்த்தான். தூக்குப் பாத்திரத்தை வாங்கிப் போக வந்த கிருஷ்ணப்பிரியா நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"உங்க பையன்தான் அத்தே. சாயந்தரம் எங்கப்பா கிட்ட சொல்றப்ப, புள்ளியை மட்டும் மறந்துடாதீங்க."